பைத்தானில் எண்ணை முக்கிய இலக்கங்களோடு வெட்டுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

4.35 என்று உள்ளே போன எண் 4.34 என்று வெளியே வந்தது. அந்த எண்ணில் இருப்பதே மூன்று இலக்கம்தான். மூன்று இலக்கத்தோடு நிறுத்து என்று சொன்னால் அதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் என் நிரல் கடைசி ஐந்தை நான்காக்கிவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளை அறிக்கையாக மாற்றித் தரும் வேலை அது. வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் பொறுமையாகக் கையால் சரிபார்த்து, அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, முழு அறிக்கையையும் திருப்பி அனுப்பினார். அரை மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று நாளை எடுத்துக்கொண்டது.

அந்த மூன்று நாள் உங்களுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாமே பைத்தான் 3க்கானது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம். தேவையானது பைத்தானோடு கூடவே வருகிறது. கணக்கில் கெட்டிக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நான் முதல் படியை விட்டுவிட்டு மூன்றாவதில் தொடங்கினேன், அதுதான் அத்தனை தாமதத்துக்கும் காரணம்.

1. நிரல் எழுதும் முன் விதியை எழுத்தில் வாங்குங்கள்

"மூணு டிஜிட் வச்சா போதும்" என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கைந்து அர்த்தம் இருக்கிறது. ஒரு மின்னஞ்சல் போட்டு இவற்றைக் கேளுங்கள்:

வெட்ட வேண்டுமா, முழுமையாக்க வேண்டுமா? 2.678ஐ மூன்று இலக்கத்தோடு வெட்டினால் 2.67, முழுமையாக்கினால் 2.68. இலங்கையில் படித்தவர்கள் முழுமையாக்குவதை மட்டந்தட்டல் என்பார்கள். பேச்சில் இரண்டையும் கலந்துதான் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் ஓர் எடுத்துக்காட்டு எண்ணோடு கேட்பது நல்லது.

புள்ளிக்குப் பின் மூன்று இடமா, முக்கிய இலக்கம் (முன்னால் வரும் பூஜ்யங்களை விட்டுவிட்டு எண்ணுவது) மூன்றா? 0.00123456க்கு முதலாவது 0.001, இரண்டாவது 0.00123.

மைனஸ் எண் வந்தால் எந்தப் பக்கம் வெட்டுவது? 2.5ஐ 2.50 என்று நிரப்பிக் காட்ட வேண்டுமா? மதிப்பு பூஜ்யமாக இருந்தால் என்ன எழுதுவது? அளவிட முடியாத அளவுக்குக் குறைவு என்பதைக் காட்ட "<0.05" என்று எழுதிய கட்டங்களை என்ன செய்வது?

பதிலோடு ஒரு மாதிரிக் கோப்பும் கேளுங்கள். இருபது வரி போதும்: இடப்பக்கம் மூல எண், வலப்பக்கம் அவர்கள் கையால் போட்ட விடை. இந்த இருபது வரிதான் உங்களுக்கு மிக முக்கியமான ஆவணம். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் பேசப்போவது அந்தத் தாள்தான். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பணக் கணக்கு என்றால் வெட்டும் யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். இந்தியாவில் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, வரித்தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும். அங்கே வெட்டுவது சட்டப்படி தவறு. பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷனும் அதற்கு உதவாது. அது 2.5ஐ 2 ஆக்கும், 1.5ஐயும் 2 ஆக்கும். சரிபாதியாக இருந்தால் இரட்டை எண் பக்கம் போவதுதான் அதன் விதி.

2. முக்கிய இலக்கத்தை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

பிளஸ் ஒன் இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் என்று படித்தோமே, அதேதான். இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். முதலில் வரும் பூஜ்யங்களை எண்ண வேண்டாம். பூஜ்யம் அல்லாத முதல் இலக்கத்தில் எண்ணத் தொடங்குங்கள். அதன் பிறகு பூஜ்யம் வந்தாலும் எண்ண வேண்டும்.

0.00405 என்பதில் மூன்று: 4, 0, 5. 20.07 என்பதில் நான்கு. 2.50 என்பதிலும் மூன்று. கடைசிப் பூஜ்யம் சும்மா நிற்கவில்லை, அந்த இடம் வரை அளந்தோம் என்று அது சொல்கிறது. 1500 போன்ற முழு எண்ணில்தான் குழப்பம். இரண்டா, மூன்றா, நான்கா என்று எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 98765ஐ மூன்று இலக்கத்தோடு வெட்டி 98700 என்று எழுதினால், கடைசி இரண்டு பூஜ்யமும் இடம் நிரப்பத்தான் நிற்கின்றன என்பது படிப்பவருக்குத் தெரியாது. அறிக்கையின் அடியில் ஒரு வரி குறிப்பு போடுங்கள்.

கையால் பத்து எண் வெட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். இது கைக்கு வராமல் நிரல் எழுதினால், நிரல் தவறு செய்யும்போது உங்கள் கண்ணுக்குப் படாது.

3. எல்லோரும் முதலில் போகும் நான்கு வழிகளும் எங்கே வழுக்கும்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று படியுங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் விடைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் வழி: பத்தின் மடங்கால் பெருக்கு, இன்ட் போட்டுப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை உதறு, மறுபடி வகு. படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. நான் எழுதியதும் இதுதான். பைத்தானைத் திறந்து இதை அடித்துப் பாருங்கள்:

4.35 * 100

விடை 435 வராது. வருவது:

434.99999999999994

புள்ளி வைத்து எழுதும் எண்ணைப் பைத்தான் ஃப்ளோட் என்ற வகையில் வைத்துக்கொள்ளும். அவை 64 பிட் இரும எண்கள், அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதுபவை. அவற்றில் மதிப்புக்கு 53 பிட் துல்லியம். நாம் எழுதும் 4.35ஐ இருமத்தில் சரியாக எழுத முடியாது, அதனால் அதற்கு மிக நெருங்கிய ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. அந்த எண் 4.35ஐவிட ஒரு துளி குறைவு. முழுமையாக்கும்போது அந்தத் துளி பெரும்பாலும் தொந்தரவு தராது. வெட்டும்போது அது ஒரு முழு இலக்கத்தையே கொண்டுபோய்விடும். வெட்டுவதில் உள்ள ஆபத்து முழுக்க இதுதான். 0.29 * 100 போட்டால் 28.999999999999996, 1.15 * 100 போட்டால் 114.99999999999999. இவை அபூர்வமான எண்கள் அல்ல, கடைவீதியில் தினமும் புழங்கும் எண்கள்.

இதே வழியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பெருக்க வேண்டிய மடங்கு எது என்று தெரிய லாக் போடுவார்கள். அடிமானம் 10 கொடுத்து 1000க்கு லாக் கேட்டால் 2.9999999999999996 வரும். கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்கும் ஃப்ளோர் போட்டால் 2. மூன்று வர வேண்டிய இடம். லாக்10 என்ற தனி ஃபங்ஷன் 1000க்குச் சரியாக 3 தரும். ஆனால் 999.9999999999999க்கும் அதே 3ஐத் தந்துவிடும், அது 2 என்று இறங்க வேண்டிய எண். பூஜ்யத்தைக் கொடுத்தால் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் வழி: ரவுண்ட். அது புள்ளிக்குப் பின் எத்தனை இடம் என்றுதான் கேட்கிறது. முக்கிய இலக்கம் அதற்குத் தெரியாது. அதோடு அது முழுமையாக்கும், வெட்டாது. 2.675ஐ இரண்டு இடத்துக்குக் கேட்டால் 2.67 வரும். அதைப் பார்த்து "வெட்டுகிறது போல" என்று நம்பிவிடாதீர்கள். 2.675ம் உள்ளே ஒரு துளி குறைவாக இருப்பதால் வந்த விளைவு அது.

மூன்றாம் வழி: எண்ணை அச்சிடும்போது புள்ளி, 3, பிறகு ஜி என்ற எழுத்து போட்டு வடிவமைப்பது. முக்கிய இலக்கத்தை உண்மையாகவே புரிந்துகொள்ளும் வழி இது ஒன்றுதான், அதனால் பலரும் இங்கே நிம்மதியாக நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இதுவும் முழுமையாக்கத்தான் செய்யும். 9.999ஐக் கொடுத்தால் 10 என்று வரும். நமக்கு வேண்டியது 9.99. பெரிய எண்ணாக இருந்தால் கேட்காமலே அறிவியல் குறியீட்டுக்கு மாறிவிடும்.

நான்காம் வழி: எண்ணை எழுத்துச் சரமாக்கி முதல் சில எழுத்துகளை அப்படியே நறுக்குவது. 123.456 போன்ற எண்ணுக்கு வேலை செய்யும். 0.0000123456ஐச் சரமாக்கினால் பைத்தான் அதை 1.23456 என்று தொடங்கி, ஓர் இ எழுத்தும் மைனஸ் 05ம் சேர்த்து எழுதும். நீங்கள் முன்பக்கம் நறுக்கினால் அந்த வால் போய்விடும். லட்சத்தில் ஒரு பங்கு இருந்த அளவு ஒன்றுக்கு மேல் ஏறிவிடும். குடிநீரில் ஈயத்தின் அளவைச் சொல்லும் கட்டத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

4. டெசிமல் மாட்யூலில் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள்

சரி, இப்போது வேலைக்கு வருவோம். பைத்தானோடு வரும் டெசிமல் மாட்யூல் நாம் தாளில் போடுவது போலப் பத்தின் அடிமானத்திலேயே கணக்கு வைக்கிறது. அங்கே 4.35 என்றால் 4.35தான்.

பைத்தான் 3 தமிழில் பெயர் வைக்க அனுமதிக்கிறது. அதனால் என் ஃபங்ஷனுக்கு வெட்டு என்றே பெயர் வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: எண்ணைச் சரமாக, பிறகு எத்தனை இலக்கம் என்பதை. உள்ளே நடப்பது இதுதான்:

டெசிமல் மாட்யூலிலிருந்து டெசிமல் என்ற வகையையும், ரவுண்ட் டவுன் என்ற விதியையும் கொண்டுவாருங்கள். விதியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோட்டோடு இருக்கும்.

வந்த சரத்தை டெசிமலாக மாற்றி, எண் என்ற பெயரில் வையுங்கள்.

எண் பூஜ்யமாக இருந்தால் அங்கேயே முடித்து, முதல் படியில் உங்களுக்குச் சொன்ன பதிலைத் திருப்பிக் கொடுங்கள். பூஜ்யத்துக்கு முக்கிய இலக்கம் கிடையாது, அதைக் கீழே விடக் கூடாது.

எண்ணிடம் அட்ஜஸ்டட் என்ற மெத்தடைக் கூப்பிடுங்கள். முதல் முக்கிய இலக்கம் பத்தின் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அது சொல்லும். 98765க்கு 4, 0.00123456க்கு -3. லாக் எதுவும் வேண்டாம், இலக்கத்தை எண்ணித்தான் சொல்கிறது, அதனால் பிசகாது. இதை நிலை என்று வையுங்கள்.

அடுத்த வரி ஒரு சின்னக் கணக்கு:

படி = நிலை - எத்தனை + 1

98765க்கு 4 - 3 + 1, அதாவது 2. நூறின் இடத்தோடு நிறுத்து என்று அர்த்தம். 0.00123456க்கு -3 - 3 + 1, அதாவது -5. புள்ளிக்குப் பின் ஐந்தாம் இடத்தோடு நிறுத்து என்று அர்த்தம்.

டெசிமல் 1ஐ எடுத்து, ஸ்கேல்பி மெத்தடால் அதைப் படி அளவுக்கு நகர்த்துங்கள். 2 என்றால் அது நூறாகும், -5 என்றால் 0.00001 ஆகும். எண்ணிடம் குவாண்டைஸ் மெத்தடைக் கூப்பிட்டு, இந்த அளவுகோலையும் ரவுண்ட் டவுன் விதியையும் கொடுங்கள். வெட்டு விழுவது இந்த ஒரு வரியில்தான்.

கடைசியாக, விடையை எஃப் வடிவத்தில் சரமாக்கித் திருப்பிக் கொடுங்கள். இந்த வரியை விட்டால் 98700க்குப் பதில் அறிவியல் குறியீட்டில் 9.87 என்று தொடங்கும் ஒன்று அறிக்கையில் போய் உட்காரும்.

அவ்வளவுதான், ஏழெட்டு வரி. கூப்பிட்டுப் பார்த்தால்:

வெட்டு("0.00123456", 3) → 0.00123
வெட்டு("98765", 3) → 98700
வெட்டு("4.35", 3) → 4.35
வெட்டு("2.5", 3) → 2.50

இதைவிடச் சுருக்கமாக ஒரு வழி உண்டு. டெசிமல் கணக்கின் துல்லியத்தையும் விதியையும் வைத்திருக்கும் கான்டெக்ஸ்ட் என்ற ஒன்றை உருவாக்கி, அதன் துல்லியத்தை மூன்று என்று வைத்து, ரவுண்ட் டவுன் கொடுத்து, அதன் வழியாகவே எண்ணை உருவாக்குவது. அதுவும் சரியாக வெட்டும். ஆனால் 2.5ஐ 2.50 என்று நிரப்பாது. அதில் இரண்டு பொறியும் இருக்கின்றன. பொதுவாக ஓடிக்கொண்டிருக்கும் கான்டெக்ஸ்டின் துல்லியத்தை மூன்றாக மாற்றிவிட்டு, சாதாரணமாக ஒரு டெசிமலை உருவாக்கினால் எதுவும் வெட்டப்படாது. துல்லியம் கணக்குப் போடும்போதுதான் செல்லும், எண்ணை உருவாக்கும்போது செல்லாது. வெட்டு விழவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், நிரலில் வேறெங்கோ நடக்கும் டெசிமல் கூட்டலெல்லாம் மூன்று இலக்கத்துக்குச் சுருங்கிவிடும், அது உங்கள் கண்ணில் படாது. பொது கான்டெக்ஸ்டைத் தொடாதீர்கள்.

5. எண் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள்

நல்ல ஃபங்ஷன் எழுதியும் என் 4.35 இரண்டாம் முறையும் தப்பாகத்தான் வந்தது. காரணம் இங்கே இருந்தது.

டெசிமலுக்கு 0.29 என்ற ஃப்ளோட்டை நேராகக் கொடுத்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் துளிக் குறைவையும் சேர்த்து அப்படியே எடுத்துக்கொள்ளும். 0.28999999999999998 என்று தொடங்கும் நீண்ட எண் கிடைக்கும். இரண்டு இலக்கத்தோடு வெட்டினால் 0.28. அதே 0.29ஐ மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுத்தால் 0.29. அதனால்தான் ஃபங்ஷனுக்குச் சரம் கொடுங்கள் என்று சொன்னேன். கையில் ஃப்ளோட்தான் இருக்கிறது என்றால் ஸ்ட்ர் போட்டு சரமாக்கிய பிறகு கொடுங்கள்.

கோப்பிலிருந்து படிக்கிறீர்களா? காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பைப் படிக்கும் சிஎஸ்வி மாட்யூல் எல்லாவற்றையும் சரமாகவே தரும், கவலை இல்லை. அட்டவணைத் தரவுக்குப் பலரும் பயன்படுத்தும் பாண்டாஸ் அப்படியல்ல, எண் போலத் தெரிந்தால் உடனே ஃப்ளோட்டாக மாற்றிவிடும். மூலக் கோப்பில் 2.50 என்று இருந்தது 2.5 ஆகிவிடும். படிக்கும்போதே எல்லாப் பத்தியும் (நெடுவரிசையும்) சரம் என்று, தரவு வகையைக் குறிக்கும் டிடைப்பில் சொல்லிவிடுங்கள். ஜேசன் என்ற தரவு வடிவத்தில் வந்த கோப்பு என்றால் படிக்கும் ஃபங்ஷனிலேயே பார்ஸ் ஃப்ளோட் என்ற இடத்தில் டெசிமலைக் கொடுக்கலாம்.

இடையில் ஏதாவது கணக்கு நடக்கிறது என்றால் அதையும் டெசிமலிலேயே செய்யுங்கள். ஃப்ளோட்டில் பெருக்கி 434.99999999999994 வந்த பிறகு அதைச் சரமாக்கினால் பழுது தீராது, 434 என்றுதான் வெட்டும். அந்தக் கணக்கை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது: ஃப்ளோட்டை முதலில் 15 இலக்க ஜி வடிவத்தில் சரமாக்குங்கள். 434.99999999999994 என்பது 435 ஆகிவிடும். அதன் பிறகு வெட்டுங்கள். 15 முக்கிய இலக்கம் வரை ஃப்ளோட்டை நம்பலாம் என்பதுதான் இதற்கு அடிப்படை. ஆயிரம் எண்களைக் கூட்டிக்கொண்டே வந்த விடை என்றால் பிழையும் சேர்ந்துகொண்டே வந்திருக்கும், அப்போது இந்த வழியை நம்ப முடியாது.

நம் ஊர்க் கோப்புகளில் 1,23,456 என்று காற்புள்ளி இருக்கும். டெசிமல் அதை ஏற்காது, பிழை காட்டி நிற்கும். காற்புள்ளியை நீக்கிவிட்டுக் கொடுங்கள். "<0.05", "இல்லை", வெற்றுக் கட்டம் எல்லாம் அப்படித்தான். முன்னாலேயே பிரித்துத் தனியே வையுங்கள். பூஜ்யமாக மாற்றி உள்ளே விடாதீர்கள். அளவிட முடியவில்லை என்பதும் பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல. இன்னொன்று: தமிழ் எண்களில் ௧௨௩ என்று இருந்தால் டெசிமல் அதை 123 என்றே புரிந்துகொள்ளும். பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பயன்படும். ஆனால் பத்துக்கான ௰, நூறுக்கான ௱ குறிகளை ஏற்காது.

6. மைனஸ் எண்ணில் பெயரை நம்பாதீர்கள்

வெட்டுவது என்றால் பூஜ்யத்தை நோக்கிப் போவது. -98765ஐ மூன்று இலக்கத்தோடு வெட்டினால் -98700. ரவுண்ட் டவுன் என்ற பெயரைப் பார்த்தால் எண்கோட்டில் கீழே இறக்கும் என்று தோன்றும். அப்படியில்லை, அது பூஜ்யத்தை நோக்கித்தான் போகும். கீழே இறக்குவது ரவுண்ட் ஃப்ளோர். அது -98800 தரும். பிளஸ் எண்களில் இரண்டும் ஒரே விடை தருவதால் சோதனையில் பிடிபடாமல் போய்விடும்.

முழு எண் மட்டும்தானே, டெசிமல் எதற்கு என்று இரட்டைச் சாய்கோடு போட்டு வகுப்பவர்கள் உண்டு:

98765 // 100 * 100

இது 98700 தரும், சரி. மைனஸ் போட்டுப் பாருங்கள்:

-98765 // 100 * 100

-98800 வரும். பைத்தானில் // எப்போதும் கீழ்நோக்கித்தான் வகுக்கும். சி மொழியிலிருந்து வருபவர்கள் இங்கே விழுவார்கள். அங்கே முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கிப் போகும். வெப்பநிலை, கணக்கு மீதி, கடல்மட்ட வேறுபாடு போன்ற தரவு என்றால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

7. வெட்டுவது கடைசியில், ஒரே ஒரு முறை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதை மறுபடி கணக்கிட்டு, மூன்று தசம இடத்தோடு வெட்டி வைத்துக்கொண்டார்கள். அடுத்த கணக்கு வெட்டிய எண்ணிலிருந்து தொடங்கும். 1983 நவம்பரில் குறியீடு 524.811 என்று நின்றது. சரியாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது 1098.892. ஒவ்வொரு முறையும் போனது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லா முறையும் ஒரே பக்கமாகப் போனதால் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. முழுமையாக்கியிருந்தால் சில முறை ஏறும், சில முறை இறங்கும், ஓரளவு ஈடாகிவிடும்.

அதனால் கூட்டல், சராசரி, அலகு மாற்றம் எல்லாவற்றையும் வெட்டாத எண்ணோடு முடியுங்கள். அறிக்கையில் எழுதும் கணத்தில் மட்டும் வெட்டு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். வெட்டாத மூல எண்ணைத் தனிப் பத்தியில் பத்திரமாக வையுங்கள். சராசரியைப் போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், வெட்டிய எண்ணைக் கொடுத்தால் அவர்களுக்கும் உங்களுக்கும் கணக்கு ஒத்துவராது.

முந்தைய கட்டத்தில் வேறு யாராவது முழுமையாக்கி அனுப்பியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 0.099996 என்ற அளவை அவர்கள் நான்கு தசமத்துக்கு முழுமையாக்கினால் 0.1000 என்று வரும். நீங்கள் வெட்டினால் 0.100. நேராக வெட்டியிருந்தால் 0.0999. சட்ட வரம்பு 0.1 என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

8. எக்செல் உங்கள் பூஜ்யத்தைத் தின்னாமல் பாருங்கள்

2.50 என்று அழகாக எழுதிய சிஎஸ்வி கோப்பை வாடிக்கையாளர் எக்செலில் திறப்பார். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 2.5 என்று காட்டும். உங்கள் நிரல் தப்பு என்று தொலைபேசி வரும். இரண்டு வழி: அந்தப் பத்தியை உரை வடிவத்தில் வைத்து எக்செல் கோப்பாகவே கொடுங்கள், அல்லது அச்சிடும் பிரதியைப் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். நான் இரண்டையும் கொடுக்கிறேன்.

9. அனுப்பும் முன் ஓட்ட வேண்டிய எண்கள்

முதல் படியில் வாங்கிய இருபது வரியோடு இவற்றையும் சேர்த்து ஓட்டுங்கள். எல்லாமே மூன்று இலக்கத்துக்கு:

4.35 → 4.35
9.999 → 9.99
999.9999999999999 → 999
1000 → 1000
0.0000123456 → 0.0000123
-98765 → -98700
2.5 → 2.50

இவற்றை ஒரு சோதனைக் கோப்பாகவே நிரலோடு வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் "இந்த டெசிமலெல்லாம் எதற்கு" என்று எடுத்துவிட்டு ஃப்ளோட்டுக்கு மாற்றினால், 4.35 உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். முழுமையாக்கினால் 9.999 பத்தாகி, இலக்கத்தின் இடமே ஒரு படி மாறிவிடும். வெட்டும்போது எண் ஒருபோதும் அடுத்த பத்துக்கு ஏறாது. அதனால்தான் நம் ஃபங்ஷனில் படியை ஒரு முறை கணக்கிட்டால் போதுமாக இருக்கிறது. வாடிக்கையாளர் மனம் மாறி "முழுமையாக்கிக் கொடுங்கள்" என்றால், ரவுண்ட் டவுன் இருந்த இடத்தில், பாதியும் அதற்கு மேலும் இருந்தால் ஏற்றும் ரவுண்ட் ஹாஃப் அப் விதியைப் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். 9.999 அப்போது 10.00 என்று நான்கு இலக்கத்தோடு வரும். வந்த விடையின் நிலையை மறுபடி கேட்டு, மாறியிருந்தால் இன்னொரு முறை குவாண்டைஸ் செய்ய வேண்டும்.

10. நேரம் எவ்வளவு ஆகும்

விதி கையில் வந்துவிட்டால் ஃபங்ஷன் எழுத அரை மணி நேரம், சோதனைக்கு இன்னொரு அரை மணி. விதி கைக்கு வரத்தான் நாள் ஆகும். வாடிக்கையாளரிடம் கெடு சொல்லும்போது அந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடும் வேகத்தைப் பொறுத்தவரை டெசிமல் ஃப்ளோட்டைவிட மெதுவானது. சில ஆயிரம் வரிக்கு வித்தியாசமே தெரியாது. பத்து லட்சம் எண் என்றால் சில விநாடி காத்திருக்க வேண்டும். அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு அது ஒன்றுமில்லை. நொடிக்கு நொடி சென்சார் தரவு வந்து கொட்டும் இடம் என்றால் மூல எண்ணை ஃப்ளோட்டாகவே சேமித்துக்கொண்டு, திரையில் காட்டப்போகும் எண்ணை மட்டும், 15 இலக்கச் சரமாக்கி, வெட்டுங்கள்.